முப்பது கிலோவுக்கு மேல்

நவம்பர் 8, சனி

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் கிடந்த யூனிஃபார்ம் நனைந்தது நனைந்ததுதான். வேதியியல் மூன்றாம் பாடம் பாதி. நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும், மறக்கக் கூடாது.

பத்து மணிக்கு மாடி வீட்டிலிருந்து அழைப்பு. பெரியம்மா இருபத்திரண்டாம் தேதி ஷார்ஜா போகிறார். அவர் மகள் நந்தினி அக்காவுக்கு டிசம்பரில் குழந்தை. அக்காவுக்கு வேலையில் நீண்ட விடுப்பு கிடைக்கவில்லை, பிரசவம் அங்கேயே. பெரியம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம். என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது, எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், எல்லாவற்றையும் நான் இணையத்தில் படித்துச் சொல்ல வேண்டுமாம்.

"உனக்குத்தான் கண்ணு இங்கிலீசு நல்லா வருது. ஒரு வரி உடாம படிச்சுச் சொல்லோணும் சாமி."

ஒரு வரி விடாமல் படிப்பேன். சத்தியமாக.

இந்தக் குறிப்பில் இனி அவர் 'பெ.' மட்டுமே. முழுச் சொல்லை எழுதினால் அதற்குள் 'அம்மா' வந்துவிடுகிறது. அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஏன் என்று எழுதிவைக்கிறேன். எழுதினால் ஆறிப்போகாது.

செப்டம்பரில் நந்தினி அக்கா வளைகாப்புக்கு வந்திருந்தார். திரும்பும்போது அவர் பெட்டியைக் கட்டியது என் அம்மா. பெரியப்பாவின் பனியன் யூனிட்டில் அப்போது அம்மாதான் பேக்கிங் இன்சார்ஜ்; ஏற்றுமதிப் பெட்டியில் துணியை அடுக்குவதில் அவள் கைக்கு இன்னொரு கை இல்லை. அம்மாவின் தம்பி செந்தில் மாமாவும் ஷார்ஜாவில் எலக்ட்ரீசியன். அவருக்கு அரைக் கிலோ பருப்புப்பொடி வைத்துக்கொள்ளட்டுமா என்று அம்மா முன்கூட்டியே கேட்டாள். பெ. சரி என்றார். பெட்டியைக் கீழே பேக்கிங் செக்‌ஷனுக்கு எடுத்துப்போய் எடை போட்டோம். சரியாக முப்பது. டிக்கெட்டில் இருப்பதும் முப்பது.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஒறம்பரை, எல்லாம் சொந்தக்காரர்கள். டிக்கெட் இல்லாதவர்கள் விமான நிலையத்துக்குள் போக முடியாது. வாசல் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்தார். ஒன்றரைக் கிலோ கூடுதலாம். ஏழு மாத வயிற்றோடு தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார். பெ. முகம் சிவந்து, மாமாவின் பொட்டலத்தை வாங்கி அம்மா கையில் திணித்து, அத்தனை பேர் முன்னால் சொன்னது இது:

"கேட்டது அரைக் கிலோ. கேக்காம வெச்சது எவ்வளவோ, அது அவளுக்குத்தான் தெரியும்."

அம்மா, "இல்லீங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெட்டியில் வேறு ஏதாவது இருந்ததா என்று ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. அடுத்த திங்கள் அம்மாவைப் பேக்கிங்கிலிருந்து, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். "எண்ணி வெக்கற எடத்துல அவ வேண்டாம்" என்று பெ. சொன்னதாக அப்பாவே வந்து சொன்னார். அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். அண்ணனை எதிர்த்து இதுவரை பேசியதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலை மாமா ஒருவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இதுல ஒண்ணும் சொருகிப்போடாதீங்க" என்றார். இலை வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். எப்படி என்று தெரியாது. தீர்ப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். காலை முழுக்க அம்மாவின் போனில் விமான நிறுவனத்தின் பக்கம், விமான நிலையத்தின் பக்கம், ஷார்ஜா சுங்கத்துறை பற்றிய பக்கங்கள். கண் எரிச்சல். ஆனால் பிடித்திருக்கிறது, அதை மறைக்க முடியவில்லை. ஒரு புது நாட்டின் சட்டப் புத்தகம் படிப்பது போல.

இதுவரை:

பெட்டி 30 கி. கைப்பை 7 கி. இரண்டையும் கூட்டிக் கழிக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பெட்டியில் வைத்தால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

கைப்பையில் திரவம் எதுவாக இருந்தாலும் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் கண்ணாடிக் கவரில். நெய், ஊறுகாய், எண்ணெய், தைலம் எல்லாமே திரவக் கணக்கு. அதனால் இவை பெட்டிக்குள், கசியாமல்.

கொப்பரை எதிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்குமாம். (பெ.யின் பிறந்த ஊர் உடுமலைப்பேட்டை. தோப்பிலிருந்து ஒரு மூட்டை ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது.)

கத்தி, கத்தரிக்கோல், நூல் வெட்டும் ட்ரிம்மர் கைப்பையில் கூடாது. (பெ. எப்போதும் ஒரு ட்ரிம்மரைப் பர்ஸில் வைத்திருப்பார். பிசிறு கண்டால் நின்ற இடத்தில் வெட்டுவார்.)

மருந்து: டாக்டர் சீட்டோடு. சில இருமல் மருந்துக்கு அங்கே தடை.

பெட்டியின் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பெயர், தொலைபேசி எண். மூடும் முன் ஒரு படம், மூடிய பின் ஒரு படம். கவுண்டரில் ஒட்டும் துண்டுச் சீட்டைக் கடைசிவரை தொலைக்கக் கூடாது. பெட்டி வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் நம் பேச்சு எடுபடாது.

அப்புறம் ஒன்று. கசகசா. அந்த நாட்டில் கசகசா போதைப் பொருள் கணக்கு. கையில் வைத்திருந்தால் வழக்கு, சிறை.

பெ. பிரசவ மருந்துக்கென்று கடையில் வாங்கிய பொட்டலங்கள் மாடி ஊஞ்சலில் கிடக்கின்றன. சுக்கு, பூண்டு, ஓமம். கசகசாவும் இருக்கிறது. நானே பார்த்தேன்.

சொல்லாமல் இருந்தால் போதும்.

இந்த வரியை எழுதிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். பழி வேறு, இது வேறு. நான் கேட்பது சிறை இல்லை. நான் கேட்பது, அந்தக் கண்ணாடி வாசலில் அம்மா நின்ற மாதிரி அவர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் மாடிக்குப் போனேன். முதலில் கசகசாவைத்தான் சொன்னேன். பெ. பயந்து, பொட்டலத்தை இரண்டு விரல் நுனியால் மட்டும் தூக்கி ஜன்னலில் வைத்தார், ஏதோ கடிக்கும் பூச்சி போல. என் தலையைத் தடவி, "என்ற சாமி. நீ இல்லாட்டி நான் செயில்லதான்" என்றார். உள்ளங்கை சூடாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவே கூடாது.

கொப்பரைக்கு மட்டும் வாதம். தேங்காய் எப்படித் தீப்பிடிக்கும் என்று கேட்டார். பக்கத்தைத் திறந்து காட்டினேன். வாசிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் முறைத்தார். பிறகு மூட்டையைக் கீழே அனுப்பிவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்தது. முதல் நாளே கணிதம்.

நவம்பர் 12, புதன்

கிடைத்துவிட்டது.

மெதுவாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இன்று உயிரியல் மிஸ், சுமக்கும் புத்தகப் பை நம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் முதுகுக்குக் கேடு என்றார். அதைச் சோதித்துப் பார்க்க ஆசை. மாலை அம்மாவிடம் சாவி வாங்க யூனிட்டுக்குப் போனேன். பேக்கிங் செக்‌ஷனில் பிளாட்ஃபார்ம் தராசு காலியாக இருந்தது. ஏறி நின்றேன். அங்கே பேக்கிங் பார்க்கும் செல்வி அக்கா தென்காசிப் பக்கம். யாரையும் கிண்டல் செய்யாமல் விட மாட்டார்.

"என்ன பிள்ள, உன்னையும் கார்ட்டன்ல வச்சு அனுப்பவா? இந்த எடைக்கு கப்பல்காரன் எடுக்க மாட்டான், காத்துல பறந்துருவ."

தராசில் நாற்பது கிலோ. போன மாதம் பள்ளி மருத்துவ முகாமில் நாற்பத்தொன்றரை. ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைய நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தீபாவளிப் பலகாரம்தான் தின்றேன்.

இறங்கினேன். திரும்பிப் பார்த்தேன். தராசின் மேல் எதுவும் இல்லை. ஆனால் திரையில் −1.46.

கழித்தல் குறி.

இது ஏன் என்று செல்வி அக்காவைக் கேட்டேன். அது எப்பவும் அப்படித்தான் கிடக்கும் என்றார். காலையில் முதல் வேலையாக ஒரு வெற்று அட்டைப் பெட்டியை வைத்து ஒரு பொத்தானை அமுக்குவார்கள். அதன்பின் எந்தப் பெட்டியை வைத்தாலும் உள்ளே இருக்கும் பனியனின் எடை மட்டும் வரும். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் தாளில் அந்த எடைதான் வேண்டும். நாள் முழுக்கத் தராசு அந்த அட்டைப் பெட்டியைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. மேலே பனியன் பெட்டி இருந்தாலும் சரி, நான் நின்றாலும் சரி.

நந்தினி அக்காவின் சூட்கேஸ் இருந்தாலும் சரி.

அன்று தராசு காட்டியது முப்பது. உண்மையில் இருந்தது முப்பத்தொன்றரை. விமான நிலையத்தில் கூடியது ஒன்றரை.

அம்மா ஒரு கிராம் கூட வைக்கவில்லை. நான் எப்போதும் நம்பினேன்தான். ஆனால் நம்புவது வேறு, காலித் தராசு சொல்வது வேறு. இத்தனை வருடமாக அந்தக் கழித்தல் குறியைத் தினமும் பார்க்கிற கண்கள் எத்தனை. ஒரு கண்ணுக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கே தோன்றவில்லை.

சாவியோடு வாங்கிய அம்மாவின் போன் கையில் இருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். காலித் தட்டும் எண்ணும் ஒரே படத்தில்.

பை 6 கிலோ (பையைத் தூக்கிக்கொண்டு நின்றும், விட்டு நின்றும் கழித்தேன்; கழித்தால் தராசின் தப்பு அடிபட்டுவிடும்). பத்தில் ஒரு பங்குக்கு மேல். முதுகு போகட்டும்.

நவம்பர் 13, வியாழன்

குளிர். இரண்டு போர்வை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. ஏனென்றால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்படியா கண்ணு" என்பார். அத்தோடு முடியும். செப்டம்பரில் வேன் நிறைய ஆள் இருந்தது. இப்போது கேட்க நான் ஒருத்தி.

ஆனால் இப்படி நடந்தால்?

பெ. இந்தப் பெட்டியைத் தானே கட்டுகிறார். தானே பூட்டுகிறார், பூட்டு வாங்கிவிட்டார், நான்கு எண் பூட்டு. வேறு கை படாது. அதே தராசில் வைப்பார். முப்பது காட்டும். அதே விமான நிலையம். அதே ஒறம்பரை அதே வாசலில். கவுண்டரில் முப்பத்தொன்றரை வரும். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார். மண்டியிடுவார். கேட்காமல் வைத்தது யார்? சொல்ல ஆள் இருக்காது.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு விதியையும் மறைக்கவில்லை. தராசைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே மாடி ஏறிவிடுவாள்.

நவம்பர் 15, சனி

மாடியில் ஒத்திகை. பெ. நாற்காலியில், நான் விமான நிறுவனத்துப் பெண் போல. பாஸ்போர்ட் எங்கே, டிக்கெட் எங்கே, பவர் பேங்க் எந்தப் பையில் என்று நான் கேட்க, அவர் எடுத்துக் காட்ட வேண்டும். பர்ஸிலிருந்து ட்ரிம்மர் விழுந்தது. இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு என் மேலேயே எனக்குக் கோபம்.

மூன்று மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும், புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுண்டரை மூடிவிடுவார்கள் என்றேன். அதெல்லாம் நேரத்துக்கு முன்னாலேயே போய்விடலாம், வேன்தான் கையில் இருக்கிறதே என்றார். இந்தத் தடவையும் எல்லோரும் வருகிறார்களாம். கல்யாணப் பந்தி மாமாவும்.

அம்மா வர வேண்டாமாம். அதைச் சொல்லும்போது பெ. என் முகத்தைப் பார்க்கவில்லை, பேக்கிங் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார்.

மிக நல்லது. வேண்டாம் என்றது நீங்கள்தான், பெ.

நவம்பர் 16, ஞாயிறு

பக்கத்து ஊரான மங்கலத்தில் தோழி வீட்டுக்குப் போனேன், கணிதம் படிக்க. தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆளுக்கொரு கணக்காகப் போட்டு முடித்தோம். திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி: "அவ மூஞ்சில நான் முழிக்கறதே இல்லீங்க." மற்றவள்: "எத்தன நாளைக்குங்க?" "அவளுக்குத் தெரியற வரைக்கும்." பிறகு முருங்கைக்காய் விலை பேசினார்கள்.

அவள் யார் என்று தெரியாது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

எல்லாம் கெட்டது.

பள்ளியிலிருந்து வந்தால் வீட்டில் அம்மா இல்லை. மாடிக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா, சந்தோஷமாக. பெ.யால் பெட்டியை மூட முடியவில்லையாம். ஒரு வாரமாக அடுக்குகிறார், கலைக்கிறார். கடைசியில் ஆள் விட்டு அனுப்பியிருக்கிறார்.

ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து குட்டிப் பனியன்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நம் யூனிட்டில் மிச்சமான துணியில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைத்தவை. நல்லெண்ணெய் பாட்டிலைச் சுற்றி இரண்டு துண்டு, மூலையில் ராகி மாவு, லேகிய டப்பா நடுவில். பெ. கட்டிலில் உட்கார்ந்து, "உன்ற கைவாகு யாருக்கும் வராது போ" என்றுகொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் செப்டம்பருக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

கூப்பிட்டுவிட்டார்கள். அது போதும் அவளுக்கு.

அம்மா கை பட்டுவிட்டது. இப்போது இந்தப் பெட்டி வாசலுக்குத் திரும்பி வந்தால் சொல்ல ஆள் இருக்கிறது. அதே ஆள். இரண்டாம் முறை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கேட்டேன், ஏம்மா போன, அவங்க உன்ன என்ன சொன்னாங்கன்னு மறந்துபோச்சா என்று. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, பிரசவத்துக்குப் போகிற காரியம், அதில் நம் கோபத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்றாள். கொஞ்சம் கழித்து, எடை பார்க்கும்போது தானும் கூட இருக்கப்போவதாகச் சொன்னாள். இந்தத் தடவை கண்ணால் பார்த்துவிடுவாளாம்.

கண்ணால் பார்த்தால் முப்பதுதான் தெரியும், அம்மா.

நவம்பர் 20, வியாழன்

தமிழ்க் கட்டுரை எழுதவில்லை. மிஸ் வெளியே நிறுத்தினார். வராந்தாவில் நின்று யோசித்தேன், நல்லதாகப் போயிற்று.

வழி ஒன்று: யாரும் பார்க்காதபோது தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பெட்டி ஒழுங்காகப் போகும். அம்மாவுக்கு ஆபத்தில்லை. செப்டம்பர் செப்டம்பராகவே இருக்கும்.

வழி இரண்டு: எல்லோர் முன்னாலும் சொல்வது. நான் நினைத்த பழிவாங்கல் நடக்காது. வாசலும் இல்லை, வேனும் இல்லை. ஆனால் பெ. தன் கண்ணால் பார்ப்பார்.

இரண்டு. அரை வயிற்றுச் சாப்பாடு போல. இருந்தாலும் இரண்டுதான்.

நவம்பர் 21, வெள்ளி

மாலை டீ நேரம். பேக்கிங் செக்‌ஷனில் பெ., அம்மா, செல்வி அக்கா, நான். அப்பா பெட்டியைத் தூக்கிவந்து தராசில் வைத்தார். திரையில் 30.02. பெ. கையைத் தட்டினார். பூட்டை மாட்டக் குனிந்தார்.

"பெரியம்மா, பெட்டிய எறக்கிட்டுத் தராசப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது.

அப்பா, வேண்டாம் என்பது போல் என்னைப் பார்த்தார். ஆனால் இறக்கினார்.

−1.46.

நான் பேசினேன். அட்டைப் பெட்டி, காலைப் பொத்தான், கழித்தல் எல்லாவற்றையும். பொத்தானை அமுக்கிக் காலித் தட்டைப் பூஜ்யமாக்கி, மறுபடி பெட்டியை வைக்கச் சொன்னேன். 31.48.

செல்வி அக்கா வாயில் கை வைத்தார். அம்மா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு எண்ணை. அவள் கணக்குப் போட்டு முடிக்கும் நிமிஷத்தை நான் பார்த்தேன். கை ஜிப்பின் மேல் அப்படியே நின்றது.

"நந்தினி பெட்டியையும் இதே தராசுலதானுங்களே வெச்சோம், அக்கா."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஃபேன் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்டது.

பெ. காதில் விழாதது போல் செல்வி அக்காவிடம் டேப் கேட்டார். டேப் அவர் காலடியிலேயே இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி:

"மிசின் கோளாறு போல. செரி செரி, இத வெளிய பேசிட்டிருக்க வேண்டாம். பையர் காதுக்குப் போனா நம்மளுக்குத்தான் கேவலம்."

"மிசின் நல்லாத்தானுங்க பெரியம்மா இருக்குது."

"நீ போய்ப் படி கண்ணு. பரிச்சை வருதில்ல."

அவ்வளவுதான். அம்மா பெட்டியைத் திறந்து ராகி மாவையும் ஒரு எண்ணெய் பாட்டிலையும் வெளியே எடுத்தாள். 29.9. பூட்டினார்கள். டீ ஆறியிருந்தது, ஏடு படிந்து.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் தோளில் கை வைத்தார். வீட்டில் அம்மா எப்போதும் போலச் சப்பாத்தி தேய்த்தாள். நான்காவது சப்பாத்தியில், "நல்லாப் பாத்திருக்கற" என்றாள். திரும்பவில்லை.

எனக்கு அழுகை வந்தது. நல்லதாக அல்ல. பெ. பார்த்தார், புரிந்துகொண்டார், பிறகு டேப் கேட்டார். பார்த்தால் போதும் என்று நினைத்த நான் எவ்வளவு முட்டாள். வேனில் இருந்தவர்களுக்கு அம்மா இன்னும் அதே ஆள்தான்.

நவம்பர் 22, சனி

மேகம், மழை இல்லை. காலையிலேயே வேன் கிளம்பிற்று. என்னைக் கூப்பிட்டார்கள், தேர்வு என்றேன். பெ. வாசலில் நின்று கை அசைத்தார். பட்டுச் சேலை, காலில் புது ஷூ. அம்மாவும் கை அசைத்தாள்.

முற்பகல். நான் கூடத்தில் கணிதம். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டு. சொந்தக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அறுபதுக்கு மேல் ஆள், அதில் அம்மாவும் இருக்கிறாள். போன் சத்தம். பெட்டி போய்விட்டதா பார் கண்ணு என்றாள் அம்மா. அவளுக்குக் கவலை அதுதான். பெ.யின் குரல் பதிவு. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"பெட்டி போட்டாச்சுங்க. முப்பதுக்குள்ள. இந்தத் தடவ நான் யாரையும் நம்புல. பக்கத்துலயே நின்னு நானே கட்டுனேன், அதான் ஒரு கிராம் ஏறுல. நம்ம கண்ணு நம்ம பொருள் மேல இருக்கோணுமுங்க."

கீழே கும்பிடு கைகள், கட்டைவிரல்கள். பந்தி மாமா எழுதியிருந்தார்: 'போன தடவை பட்டது போதுமில்லீங்க.' நான்கு சிரிப்பு முகம்.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரே அளவில், ஒரே அளவில். பிறகு எழுந்து அரிசி களையப் போனாள்.

நான் அம்மாவின் போனிலேயே எழுதினேன். மூன்று தடவை அழித்து எழுதினேன். கோபச் சொல் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் கோபத்தைத்தான் பேசுவார்கள், தராசை விட்டுவிடுவார்கள். முடிவில் இப்படி:

'பெரியம்மா பெட்டி நல்லபடியாகப் போனதில் சந்தோஷம். படத்தில் இருப்பது நம் பேக்கிங் தராசு. மேலே ஒன்றுமில்லாதபோது எடுத்தது. அட்டைப் பெட்டிக்காக ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டும். நந்தினி அக்கா பெட்டியையும் இதில்தான் எடை போட்டோம். அன்று வாசலில் கூடியதும் இதே ஒன்றரைதான். அம்மா கேட்டது அரைக் கிலோ, வைத்ததும் அரைக் கிலோ. நேற்று பெரியம்மாவே இதை நேரில் பார்த்தார். இந்தத் தடவை பெட்டியைக் கட்டியதும் அம்மாதான். இப்படிக்கு, சௌமியா.'

உடனே அனுப்பவில்லை. தரையில் இருக்கும்வரை பெ. பதில் பேசுவார், அழுவார், பேச்சை மாற்றுவார். அந்தக் குரலுக்கு முன்னால் என் எழுத்து நிற்காது. விமானம் ஏறிவிட்டால் போன் அடங்கிவிடும். ஷார்ஜா போய்ச் சேர நான்கு மணி நேரம். அதுவரை படத்தை எல்லோரும் பார்க்கலாம். பெரிதாக்கிப் பார்க்கலாம். கழித்தல் குறியைத் தொட்டுப் பார்க்கலாம்.

விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்தேன். மஞ்சள் விமானம், சின்னதாக. நகரவில்லை. நகரவில்லை. ஒரு தொடுகோட்டுக் கணக்கு போட்டேன், தப்பு. பிறகு நகர்ந்தது. பாலக்காட்டுப் பக்கம் திரும்பி மேலே ஏறிற்று.

போனை எடுத்தபோது அம்மா பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்து, வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அழிக்கச் சொல்வாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி மேல போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"கீழ உன்ற பேரு எதுக்கு?"

நான்தானே எழுதினேன் என்றேன். திட்டு வந்தால் எனக்கு வரட்டும் என்றேன்.

"எடுத்துப்போடு. பேசுனது என்னைய. என்ற பேர்லயே போகட்டும்."

எடுத்தேன். அதோடு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக விரலால் காட்டினாள். 'பெரியம்மா' என்ற இடத்தில் 'அக்கா'. 'நந்தினி அக்கா' என்ற இடத்தில் வெறும் 'நந்தினி'. 'அம்மா' வரும் இடமெல்லாம் 'நான்'. நான் கேட்டது அரைக் கிலோ, நான் வைத்ததும் அரைக் கிலோ. 'சந்தோஷம்' இருக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், நிஜம்தானே என்றாள்.

அம்மாவே அழுத்தினாள். குக்கர் விசிலடித்தது, எழுந்து போகவில்லை. முதலில் யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.